மீனுக்கும் காட்டிய சாம்பிராணி

அன்று காலை எங்கள் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். மீன் தொட்டி ஓரம் நின்றிருந்தேன். வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள்.

என் மனைவி சரோஜா. பக்கத்தில், கையில் பழைய துண்டோடு.

மகன் குமரன். சனிக்கிழமை, வேலை இல்லை. வாயில் பற்பசை நுரை.

மருமகள் மலர். கல்யாணம் முடிந்து திருச்சியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது. சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றாள்.

சரோஜாவின் அக்கா பாக்கியம். புதுப்பெண்ணோடு சேர்ந்து பசியாறலாம் என்று யீஷூனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் பிராட்டாப் பை, நம் பரோட்டாதான்.

பிறகு மீன்கள். எட்டு, தண்ணீரின் மேல். ஒன்று, கல்லடியில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.

போன வாரம் வரை இந்தப் பத்தியில் துவாஸ் கப்பல் பட்டறையைப் பற்றி எழுதினேன். புழுதி, வெயில், சத்தம். அதெல்லாம் எழுதச் சுலபம். இது வீட்டுக்குள் நடந்தது. எழுதட்டுமா என்று சரோஜாவிடம் கேட்டேன். "எழுதுங்க" என்றாள்.

டாக்கில் மிச்சமான மீன்

இந்த ஜாதி மீனை நான் முதலில் பார்த்தது கடையில் இல்லை. பட்டறையில்.

கப்பலை டாக்குக்குள் இழுத்து வந்து, பின்னால் கதவை மூடி, தண்ணீரை வெளியே இறைப்பார்கள். தண்ணீர் வடிய வடிய கப்பலின் வயிறு தெரியும். சிப்பியும் பாசியும் அப்பிக் கிடக்கும். கீழே சிமெண்டுத் தரையில் அங்கங்கே குட்டை. குட்டையில் மீன் துள்ளும். கப்பலோடு உள்ளே வந்தது, திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றது.

பெரிய மீனை ஆட்கள் வாளியில் அள்ளிக்கொள்வார்கள். ஆட்கள் தங்கும் டார்மிட்டரியில் அன்றைக்குக் குழம்பு. விரல் நீள மீனை யாரும் தொடமாட்டார்கள். மஞ்சள் முதுகு, கறுப்புக் கோடு. குழம்புக்கும் ஆகாது, வறுக்கவும் ஆகாது. நாங்கள் துரு போகக் கப்பல்மேல் மணல் அடிக்க ஆரம்பித்தால் குட்டையெல்லாம் சேறாகிவிடும். அதோடு சரி.

ஒரு தடவை ஒன்றைத் தண்ணீர் போத்தலில் பிடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் கரைவரை நடந்து போய்க் கடலில் விட்டேன். கூட வேலை பார்த்தவன் பார்த்துவிட்டான். "என்னண்ணே, வேண்டுதலா?" என்றான். போத்தலை அலசிக்கொண்டு திரும்பினேன்.

பட்டறையில் பேச்சே கிடையாது. மணல் அடிக்கும் சத்தத்தில் எதிரே இருப்பவன் வாய் அசைவது மட்டும் தெரியும். கையைக் காட்டுவோம். மேலே, கீழே, நிறுத்து. ரொம்ப அவசியம் என்றால் காதருகே போய் ஒரு வார்த்தை கத்துவோம். ஒரு வார்த்தைக்கு மேல் கத்தினால் தொண்டைக்குள் தூசி போகும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பழக்கமா, பிறவியா, தெரியாது. சரோஜாவைப் பெண் பார்க்கப் போனபோதும் நான் பேசியது "சரி" ஒன்றுதான். அந்த ஒரு "சரி"க்கு இத்தனை வருஷம் சமைக்கிறேன் என்று அவள் இன்னமும் சொல்வாள்.

சாகாது என்று விற்ற மீன்

வேலையிலிருந்து நின்ற பிறகு ஆங் மோ கியோ வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகள் உண்டு. பொழுது போகட்டும் என்று போனேன். ஒரு தொட்டியில் அதே விரல் நீள மீன் நின்றது. கோடு வேறு, சாடை அதே. கடைக்காரச் சீன அங்கிளிடம் மலாயில் பேர் கேட்டேன். டேம்சல் என்றார்.

டேம்சலை அவர் மீனாகவே மதிக்கவில்லை. புதுத் தொட்டியில் தண்ணீர் பழகும்வரை நல்ல மீன் தாங்காது. முதலில் டேம்சலைப் போடு. அது சாகாது. தண்ணீர் சரியானதும் விலை கூடின மீனை வாங்கிக்கொண்டு டேம்சலைத் திருப்பிக் கொடு. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார்.

நான் திருப்பிக் கொடுக்கவில்லை. தண்ணீரைப் பழக்கிக் கொடுத்தவனையே வெளியே போ என்பதா? டேம்சலே போதும் என்று விட்டுவிட்டேன். ஆறு நீலம், வால் மட்டும் மஞ்சள். இரண்டு கோடு போட்டது. ஒன்று கறுப்பு.

வேலை நிறைய. குழாய்த் தண்ணீரில் மருந்து ஊற்றிக் குளோரின் எடுக்க வேண்டும். உப்பைக் கலந்து ஒரு நாள் சுற்றவிட வேண்டும். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிக் கருவியில் வைத்து உப்பு அளவு பார்க்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்குத் தொட்டிமேல் சின்ன ஃபேன் ஓட வேண்டும். ஃபேன் ஓடினால் தண்ணீர் குறையும். குறைந்ததற்கு உப்புத்தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான். தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளேயே நிற்கும். இது எனக்குப் புரிய நாளாயிற்று. புரிவதற்குள் சில மீன் போயிற்று.

இன்னொரு கருவி, ஸ்கிம்மர். அறைக் காற்றைச் சின்னக் குழாய் வழியாக இழுத்து, தண்ணீரோடு அடித்து நுரையாக்கும். அழுக்கெல்லாம் நுரையோடு ஏறி மேலே ஒரு கிண்ணத்தில் விழும். அறையில் கொசு மருந்து அடிக்காதே, பெயின்ட் அடிக்காதே என்று அங்கிள் சொல்லியிருந்தார். காற்றில் இருப்பது தண்ணீருக்குள் போய்விடும்.

தொட்டி அப்போது பின்னறையில் இருந்தது. கூடத்துச் சாமி மாடத்தில் சரோஜா ஏற்றும் ஊதுபத்தி வாசம் அங்கே எட்டாது. அதனால் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

நாம நாலு, இவங்க ஒன்பது

குமரனுக்குக் கல்யாணம் என்றதும் பின்னறை அவர்களுக்கு என்றாயிற்று. தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினோம். குமரனும் அவன் கூட்டாளிகளும் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்தார்கள். கூடத்தில் காலியாக இருந்தது ஒரே மூலை. சாமி மாடத்துக்குப் பக்கம். "நல்ல இடம்லா, சாமி பாத்துக்கும்" என்றான் ஒருவன்.

மலர் வந்த மறுநாள் காலை தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன்.

"வீட்ல எத்தனை பேர்னு எண்றேன் மாமா. நாம நாலு. இவங்க ஒன்பது."

பிறகு தினமும் எண்ணினாள். டேம்சலை எண்ணுவது சுலபமில்லை. கல்லிடுக்கில் நுழைந்து நுழைந்து வரும். ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடுவோம். தீனி போட்டால்தான் எல்லாம் வெளியே வரும். தீனியைத் தூவி, எண்ணி முடித்து, "ஒன்பது மாமா" என்பாள். நான் "ம்" என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அதுவே நிறைய.

அவளுக்கும் அது வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். ஊரில் வங்கியில் வேலை பார்த்த பெண். இங்கே வேலைக்கான அனுமதி இன்னும் வரவில்லை. குமரன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க நாலு சுவர்.

கறுப்பு மீனுக்கு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு. தன் கல்லுக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் துரத்தும். கண்ணாடி துடைக்கக் கை விட்டால் என்னையும் கடிக்கும். மலர் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாள்.

"வேலை ஒண்ணும் பாக்கிறதில்ல. எல்லாரையும் விரட்டிக்கிட்டே இருக்கான். மேஸ்திரிதானே மாமா?"

பட்டறையில் நான் பார்த்த மேஸ்திரிகள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சத்தமாகச் சிரிப்பேன் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

குமரன் கல்யாணத்துக்கு முன்பே தனி வீடு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மலர்தான் வேண்டாம் என்றாளாம். ஒரு குழந்தை வரும்வரையாவது இங்கேயே இருப்போம், அத்தையும் மாமாவும் இருந்தால் எனக்கு வீடு மாதிரி இருக்கும் என்றாளாம். சரோஜா இதை லிஃப்டில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை

அந்த வாரம் சரோஜாவும் மலரும் தேக்கா சந்தைக்குப் போனார்கள். மல்லிகை, முருங்கைக்காய், ஒரு டப்பா கப் சாம்பிராணி வாங்கி வந்தார்கள். எங்கள் வீட்டில் சாம்பிராணி நின்று ரொம்ப காலம். புகை காரிடாருக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார். அதோடு சரோஜா ஊதுபத்தி போதும் என்று நிறுத்திக்கொண்டாள். மலர் ஆசைப்பட்டாள் என்று மறுபடி வாங்கினாள்.

வெள்ளி சாயங்காலம் மழை. நான் கீழே காபிக்கடையில் மாட்டிக்கொண்டேன். மழை விட்டு மேலே வந்தபோது வீடு மணத்தது. மழைக்கு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புகை நிற்கட்டும் என்று மேலே ஓடும் ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். மலர் ஈரத் தலையோடு, நெற்றியில் திருநீறோடு இருந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம்.

சரோஜா, வீடு கோயில் மாதிரி இருக்கிறதல்லவா என்று கேட்டாள். "ம்" என்றேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

தொட்டி விளக்கு அணைந்திருந்தது. எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் பார்த்தேன்.

தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். வெளிச்சத்தில் நிறம் நிறமாகத் தெரிந்தது. ஸ்கிம்மர் கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்தேன். எப்போதும் கடல் அழுகின நாற்றம் வரும். அன்று சாம்பிராணி மணத்தது. காற்றிழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில், தொட்டிப் பலகைமேல், சாம்பிராணித் தட்டு இருந்தது. கப் எரிந்து முடிந்து சாம்பல் மட்டும்.

நான் சொன்னது

பாக்கியம் அக்கா செருப்பைக் கழற்றி நிமிர்ந்ததும் தொட்டியைத்தான் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. மனதில் வந்தது வாயில் வந்துவிடும்.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே சரோ. பொண்ணு வந்து ஒரு மாசம்கூட ஆகல. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எட்டு உசிரு."

பிராட்டாப் பையை மேசைமேல் வைத்தார். பேச்சை நிறுத்தவில்லை. ஜாதகத்தைச் சரியாகப் பார்த்தீர்களா என்றார். வந்த காலடி என்று ஏதோ ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பேச்சு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னேன்.

"காலடியும் இல்ல, ஜாதகமும் இல்ல. நேத்துப் போட்ட சாம்பிராணிதான் கொன்னுச்சு."

பாக்கியம் அக்கா வாயை மூடிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மலர் தட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

குமரன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அவதான் கொன்னான்னு சொல்றீங்களாப்பா?"

"ராசி காரணமில்லைன்னு சொன்னேன்."

"அப்ப காரணம் யாரு?"

நான் தொட்டிப் பக்கம் திரும்பி வலையை எடுத்தேன். அவன் அறைக்குள் போனான்.

பிராட்டா ஆறிப்போயிற்று. பாக்கியம் அக்கா ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் எட்டு மீனையும் பழைய பேப்பரில் சுற்றினேன். பிறகு தண்ணீர் மாற்ற ஆரம்பித்தேன். மேஸ்திரி உடம்பு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பொட்டே தெரியவில்லை. தண்ணீர் மாற்ற மாற்ற மெல்லக் கறுத்தான். சாயங்காலம் என் கையைக் கடித்தான். பிழைத்துவிட்டான் என்று தெரிந்தது.

அன்றே அந்தக் கதவைத் தட்டி இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியாதும்மா. எனக்கே தோன்றவில்லை. தொட்டியை அந்த மூலையில் வைத்தது நான்தான். இவ்வளவுதானே. பட்டறையில் நிறுத்து என்று கை காட்டினால் எல்லாம் நிற்கும், வேலை முடிந்தது. வீட்டிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

சரோஜா சொன்னது

மறுநாளிலிருந்து எண்ணிக்கை இல்லை. மலர் தொட்டிப் பக்கமே வரவில்லை. சமையலறையிலிருந்து அறைக்குப் போக சோபாவைச் சுற்றிக்கொண்டு போவாள். மற்றபடி எப்போதும் போலத்தான். சோறு போடுவாள், மாமா என்பாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துச் சாமி கும்பிடுவாள். மிச்சச் சாம்பிராணி டப்பாவிலேயே இருந்தது.

சில மாதம் போய், குமரன் செங்காங்கில் வீடு பார்த்தான். ஆபீசுக்குப் பக்கம் என்றான். அவன் ஆபீஸ் ஜூரோங்கில். செங்காங் அதற்கு எதிர்த் திசை.

அவர்கள் போன பிறகு ஒரு நாள் சரோஜா சாமி மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு அவ சாமிக்குக் காட்டிட்டு அடுப்படிக்குத்தான் எடுத்துட்டுப் போனா. மீனும் நம்ம வீட்டு உசிருதானே, அதுக்கும் காட்டிட்டு அங்கேயே வச்சிடுன்னு நான்தான் சொன்னேன்."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அக்கா முன்னாடி வாய் வரலங்க." துணியைப் பிழிந்தாள். "அவளும் சொல்லல பாருங்க. இன்னி வரைக்கும் குமரன்கிட்டகூடச் சொல்லல."

அத்தைதான் வைக்கச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை போதும் அந்தப் பெண்ணுக்கு. அத்தனை பேர் நின்றோம். அவள் சொல்லவில்லை. நான் ஒருவன்தான் பேசாத ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரிசி கழுவும் கூடை

பேசிவிடலாம் என்று ஒரு நாள் செங்காங் போனேன். எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாலு தடவை சரியாக வந்தது. மலர் கதவைத் திறந்தாள். டீ போட்டு வந்தாள்.

"உன்மேல தப்பில்லம்மா" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். குமரனுக்கு வாங்கிப் போன வடையை மேசைமேல் வைத்தேன். வந்துவிட்டேன்.

வாயால் முடியாதது கையால் முடியும் என்று தோன்றியது. தொட்டியில் மறுபடி ஒன்பது இருந்தால், அவள் வரும்போது பார்ப்பாள். பார்த்தால் எண்ணாமல் இருக்கமாட்டாள். எண்ணிவிட்டால் மற்றது தானாக வரும். இப்படி ஒரு கணக்கு.

சிராங்கூன் நார்த் போய் நீல டேம்சல் வாங்கி வந்தேன். விட்டதுமே மேஸ்திரி பாய்ந்தான். இத்தனை மாதம் தனியாக இருந்ததில் தொட்டி முழுக்க அவன் இடமாகியிருந்தது. புதுசுகளை ஒரு மூலையில் ஒடுக்கி வாலைக் கிழித்தான்.

அங்கிளிடம் கேட்டேன். கல்லையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கு, எது யார் இடம் என்று மறந்துபோகும் என்றார். அடுக்கினேன். மேஸ்திரி மத்தியானத்துக்குள் புது இடம் பிடித்துக்கொண்டான். அப்படியானால் புதுசுகளை ஓட்டைப் பெட்டிக்குள் வைத்துத் தொட்டியில் தொங்கவிடு, பார்த்துப் பழகட்டும் என்றார். சரோஜா அரிசி கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டேன். சோறு வடிக்கிற வீட்டில் இது என்ன கூத்து என்று சரோஜா கேட்டாள். எதற்கு என்று தெரிந்ததும் வேறு கூடை வாங்கிக்கொண்டாள். மேஸ்திரி நாள் முழுக்கக் கூடையை முட்டிக்கொண்டே இருந்தான். திறந்துவிட்ட அன்றே ஒன்று செத்தது. மிச்சத்தைக் கடையில் கொண்டுபோய் விட்டேன்.

அங்கிள் கடைசியாக ஒரு வழி சொன்னார். அந்தக் கறுப்பைப் பிடித்து வா. அது போய்விட்டால் ஒன்பது என்ன, பத்துகூடப் போடலாம்.

வலையோடு தொட்டி முன் நின்றேன். மேஸ்திரி கல்லடியிலிருந்து என்னைப் பார்த்தான். அந்தப் புகையில் மிச்சமானவன். பேர் அவள் வைத்தது. வலையை ஆணியில் மாட்டிவிட்டேன்.

செய்தது சரியா தப்பா, இப்போதும் தெரியவில்லை.

தீபாவளி

இந்தத் தீபாவளிக்கு வந்தார்கள். பாக்கியம் அக்காவும் இருந்தார். மலருக்கு அவரே முறுக்கு எடுத்துக் கொடுத்தார், புடவை நன்றாக இருக்கிறது என்றார். குமரன் என்னிடம் கால் வலி எப்படி என்று கேட்டான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சாமி மாடத்தில் ஊதுபத்தி மட்டும் எரிந்தது. மலர் சோபாவைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

கிளம்பும் நேரம். குமரன் லிஃப்டைப் பிடிக்கப் போய்விட்டான். சரோஜா உள்ளே பலகாரப் பை கட்டிக்கொண்டிருந்தாள். மலர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து தொட்டி தெரியும். கண்ணாடியில் விளக்கு அடித்து, உள்ளே இருப்பது தெரியாது.

ஒரு காலில் செருப்போடு நின்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மீனைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப எத்தனை மாமா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. அரிசிக் கூடை, அடுக்கின கல், ஆணியில் மாட்டின வலை. சரோஜா சொன்னது எனக்குத் தெரியும் என்பது. வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு."